ஐம்பது வயதுச் சில்லு, புத்தம் புதிதாக!

பழைய பாணிக் கணினி ஒன்றை வீட்டிலேயே தன் கையால் கட்டிப் பார்க்க ஆசைப்படுகிறவர்கள் உலகம் முழுக்க இருக்கிறார்கள். ஒரு ப்ரெட்போர்டு, கொஞ்சம் ஒயர், நாலைந்து எல்.ஈ.டி. விளக்குகள், நினைவகச் சில்லு இரண்டு. இதெல்லாம் சுலபமாகக் கிடைத்துவிடும். நடுவில் உட்காரப்போகும் நுண்செயலிதான் தலைவலி. 1970களில் வந்த நுண்செயலிகளில் பெரும்பாலானவற்றின் உற்பத்தி எப்போதோ நின்றுவிட்டது. நம் ஊர் இன்ஜினியரிங் கல்லூரி லேப்களில் எத்தனையோ பேட்ச் மாணவர்களுக்குப் பாடமாக இருந்த 8085ஐ இன்டெல் கைகழுவிப் பல காலம் ஆகிறது. அந்தக் காலத்துச் சில்லு என்று இன்று கிடைப்பதில் பெரும்பகுதி பழைய போர்டிலிருந்து பிடுங்கியது, அல்லது குடோனில் தேங்கிக் கிடந்தது, அல்லது மேலே இருந்த எழுத்தைத் தேய்த்துவிட்டுப் புதுப்பெயர் அச்சடித்தது.

இதற்கு முக்கியமான விதிவிலக்கு 6502. 1975இல் பிறந்த இந்தச் சில்லின் வாரிசை இன்றைக்கும் ஆலையிலிருந்து வந்த புதுச் சரக்காக, பெரிய விநியோகஸ்தரிடம் பில் போட்டு வாங்கலாம். அதே வயதுடைய, அதே அளவு புகழ்பெற்ற இசட்-80க்கு 2024இல் கதை முடிந்தது. இரண்டுமே நல்ல சில்லுகள்தான். பிறகு ஏன் ஒன்று மட்டும் பிழைத்தது? விடை டிரான்சிஸ்டர்களில் இல்லை, வியாபாரத்தில் இருக்கிறது. அதற்கு ஐம்பது வருடம் பின்னால் போக வேண்டும்.

1974இல் மோட்டரோலா நிறுவனம் 6800 என்ற நுண்செயலியைக் கொண்டுவந்தது. சக் பெடில் என்ற பொறியாளரின் வேலைகளில் ஒன்று, வாடிக்கையாளர்களிடம் போய் அதை விளக்கிச் சொல்வது. போன இடமெல்லாம் ஒரே பதில்தான்: சில்லு அருமை, விலை கட்டுப்படியாகாது. அப்போது இன்டெல் 8080ஐ ஒற்றையாக வாங்கினால் 360 டாலர். தராசு, கல்லாப்பெட்டி, போக்குவரத்து விளக்கு மாதிரிக் கருவிகளுக்குள் வைக்க அந்த விலையில் யார் வாங்குவார்கள்? விலையை இருபது முப்பது டாலருக்குக் கொண்டுவந்தால் சந்தையே வேறாகிவிடும் என்று பெடில் கம்பெனியில் சொல்லிப் பார்த்தார். அந்தப் பேச்சை விடச் சொல்லி உத்தரவு வந்தது. 360 டாலருக்கு விற்கக்கூடிய பொருளை 25 டாலருக்கு விற்கச் சொன்னால் எந்த மேனேஜர்தான் கைதட்டுவார்?

பெடில் 1974இலேயே வேலையை விட்டார். பில் மென்ஷ் உள்ளிட்ட சக பொறியாளர்கள் சிலரும் கூடவே கிளம்பினார்கள். பென்சில்வேனியாவில், கால்குலேட்டர் சில்லுகள் செய்துகொண்டிருந்த எம்ஓஎஸ் டெக்னாலஜி என்ற சின்ன நிறுவனம் அவர்களைச் சேர்த்துக்கொண்டது. அங்கே அவர்கள் செய்ததை ஒரே வரியில் சொன்னால், விலையை முதலில் தீர்மானித்துவிட்டுச் சில்லைப் பிறகு வரைந்தார்கள். இன்றைக்கு நம் பாடப்புத்தகத்தில் டார்கெட் காஸ்டிங் என்று வருகிறதே, கிட்டத்தட்ட அதேதான்.

சில்லின் பரப்பளவுதான் செலவு. ஒரு வட்டமான சிலிக்கான் தகட்டில் எத்தனை சில்லு அடங்குகிறதோ, அதில் எத்தனை பழுதில்லாமல் தேறுகிறதோ, அதுதான் அடக்க விலை. அவசியமில்லாத பதிவகங்களையும் கட்டளைகளையும் அவர்கள் வெட்டித் தள்ளினார்கள். மிஞ்சியது எண்ணும் முறையைப் பொறுத்து 3,500 முதல் 4,500 டிரான்சிஸ்டர். சுற்று முழுவதும் கையாலேயே வரையப்பட்டது. அச்சுக்குப் பயன்படும் மாஸ்க்கில் பிழை இருந்தால் அதைத் திருத்திக்கொள்ளும் வித்தையும் எம்ஓஎஸ்ஸிடம் இருந்தது. அதனால் தேறும் சில்லுகளின் விகிதம் மற்றவர்களைவிட அதிகம்.

1975 செப்டம்பரில் சான் ஃபிரான்சிஸ்கோவில் வெஸ்கான் கண்காட்சி. எம்ஓஎஸ் இரண்டு சில்லுகளை அறிவித்திருந்தது. 6501க்கு 20 டாலர், 6502க்கு 25 டாலர். கண்காட்சி அரங்கில் கைமேல் விற்பனை கூடாது என்று விதி. உடனே ஒரு ஹோட்டல் அறையைப் பிடித்து, கண்ணாடி ஜாடி நிறையச் சில்லுகளைக் கொட்டி வைத்து, வந்தவர்களுக்கு அதிலிருந்து எடுத்துக் கொடுத்தார்கள். ஜாடியின் அடியில் கிடந்தவை வேலை செய்யாத சில்லுகள் என்று பெடில் பிற்பாடு சொல்லிச் சிரித்திருக்கிறார். உற்பத்தி முழுவேகத்தில் நடப்பதுபோல ஒரு தோற்றம் வேண்டுமல்லவா! (மார்க்கெட்டிங் படிக்கிறவர்கள் இதை எந்தத் தலைப்பில் சேர்ப்பது என்று யோசிக்கலாம்.)

அந்த அறைக்கு வந்து வாங்கிப்போனவர்களில் எச்பி நிறுவனத்தில் வேலை பார்த்துக்கொண்டிருந்த ஸ்டீவ் வோஸ்னியாக்கும் ஒருவர். அடுத்த வருடம் ஆப்பிள்-1 வந்தது, 1977இல் ஆப்பிள்-2. அவர் 6502ஐத் தேர்ந்தெடுத்ததற்குப் பெரிய தொழில்நுட்பக் காரணம் ஒன்றும் இல்லை. கைக்காசில் வாங்க முடிந்தது, அவ்வளவுதான். 25 டாலர் என்பது அப்போதும் சும்மா காசு இல்லை. அமெரிக்க விலைவாசி உயர்வைக் கணக்கிட்டால் 2024இல் அது சுமார் 145 டாலர். ஆனாலும் 360 எங்கே, 25 எங்கே? இன்டெல்லும் மோட்டரோலாவும் அப்போது 179 டாலருக்கு விற்றுக்கொண்டிருந்த தங்கள் சில்லுகளை உடனே 69க்கு இறக்கின.

மோட்டரோலா சும்மா விடவில்லை. 6501இன் கால்கள் 6800இன் கால்களோடு அப்படியே பொருந்தும். ஒன்றைக் கழற்றிவிட்டு அதே சாக்கெட்டில் மற்றதைச் செருகலாம். 1975 நவம்பரில் வழக்கு. எம்ஓஎஸ்ஸின் பின்னால் நின்ற ஆலன்-பிராட்லி நிறுவனம் வம்பு வேண்டாம் என்று விலகிக்கொண்டது. 1976இல் சமரசம் ஆனது. எம்ஓஎஸ் 2 லட்சம் டாலர் கொடுத்து, 6501ஐயும் கைவிட்டது. 6502 தப்பியது. ஆனால் கையில் காசு இல்லை. அதே 1976இல் கால்குலேட்டர் வியாபாரி ஜாக் டிராமியலின் கமடோர் நிறுவனம் எம்ஓஎஸ்ஸை வாங்கிவிட்டது.

இதற்குப் பின் 6502 நுழைந்த இடங்களின் பட்டியல் பலருக்கும் தெரிந்ததே. கமடோர் பெட், அடாரி 2600 (இதில் கால் குறைந்த 6507), பிபிசி மைக்ரோ, கமடோர் 64 (6510), நிண்டெண்டோவின் ஃபேமிகாம். ஃபேமிகாமுக்காக ஜப்பானின் ரிக்கோ நிறுவனம் செய்த சில்லில் 6502இன் தசம எண் கணக்கு மட்டும் வேலை செய்யாது. அந்தப் பகுதிக்கு மட்டும் காப்புரிமை இருந்ததால் அதை முடக்கிவிட்டார்கள் என்று சொல்வதுண்டு. இந்தியாவுக்கும் இந்தச் சில்லு வந்திருக்கிறது. 1984இல் மத்திய அரசு தொடங்கிய ‘க்ளாஸ்’ என்ற பள்ளிக் கணினிக் கல்வித் திட்டத்தில் கொடுக்கப்பட்டவை பிபிசி மைக்ரோக்கள். முதன்முதலில் கீபோர்டைத் தொட்ட அந்தப் பிள்ளைகள் தொட்டது 6502 வைத்த கணினியைத்தான்.

இனிதான் நமக்கு வேண்டிய பகுதி.

எம்ஓஎஸ்ஸை விட்டு வெளியேறிய பில் மென்ஷ் 1978இல் அரிசோனா மாநிலத்தின் மேசா நகரில் வெஸ்டர்ன் டிசைன் சென்டர் என்று ஒரு கடையைத் திறந்தார். கடை என்று சொல்வது கேலிக்கு அல்ல. அங்கே ஆலை கிடையாது. சில்லை வடிவமைப்பார்கள், வடிவத்தை மற்றவர்களுக்கு உரிமம் கொடுப்பார்கள், ராயல்டி வாங்குவார்கள். 1980களின் தொடக்கத்தில் அங்கே பிறந்ததுதான் 65சி02. 6502 செய்ததையெல்லாம் செய்யும். ஆனால் சீமாஸ் முறையில் செய்யப்பட்டதால் மின்சாரம் மிகக் கொஞ்சமாகச் சாப்பிடும். ராக்வெல், ஜிடிஇ போன்றவர்கள் உரிமம் வாங்கி உற்பத்தி செய்தார்கள். 1984இல் வந்த ஆப்பிள்-2சிக்குள் இருந்தது இதுதான். பிறகு வந்த 16 பிட் அண்ணன் 65சி816 ஆப்பிள்-2ஜிஎஸ்ஸிலும், அதன் கரு சூப்பர் ஃபேமிகாமிலும் போய் உட்கார்ந்தது.

இந்தச் சின்னக் கடைக்கு 1983இல் இரண்டு விருந்தாளிகள் வந்தார்கள். பிபிசி மைக்ரோவைச் செய்த இங்கிலாந்தின் ஏகார்ன் நிறுவனத்தைச் சேர்ந்த ஸ்டீவ் ஃபர்பரும் சோஃபி வில்சனும். அடுத்த கணினிக்கு எந்த நுண்செயலி என்று தேடிக்கொண்டிருந்தார்கள். பெரிய கட்டடம், நூற்றுக்கணக்கில் பொறியாளர்கள் என்று எதிர்பார்த்துப் போனவர்கள் பார்த்தது ஒரு சாதாரண வீடு, சில ஆப்பிள்-2 கணினிகள், வேலைக்கு வைத்திருந்த பள்ளி மாணவர்கள். இவ்வளவு சின்னக் கூட்டமே நுண்செயலி செய்யுமானால் நாமே செய்துவிடலாமே என்ற துணிச்சலோடு ஊர் திரும்பினார்கள். 1985 ஏப்ரலில் அவர்கள் செய்த சில்லு வேலை செய்தது. அதன் பெயர் ஆர்ம். இன்று கைப்பேசிகளில் இருப்பது அதன் வம்சம்.  ஆலை இல்லாமல் வடிவத்தை மட்டும் விற்றுப் பிழைக்கலாம் என்பதை ஆர்ம் நிறுவனம் பின்னாளில் உலக அளவில் செய்து காட்டியதை நினைத்தால் வேடிக்கையாக இருக்கிறது.

மென்ஷ் தேர்ந்தெடுத்த வழியின் பலன் பத்து, இருபது வருடம் கழித்துத் தெரிந்தது. 1994இல் கமடோர் திவாலானது. பென்சில்வேனியாவில் 6502 பிறந்த ஆலை வேறு கைக்கு மாறி 2001இல் மூடப்பட்டது. சொந்த ஆலை உள்ளவனுக்குச் சுமை அதிகம். இயந்திரம் ஓடினாலும் ஓடாவிட்டாலும் நிலையான செலவு நிற்காது, விற்பனை குறைந்தால் பழைய சரக்கைத்தான் முதலில் நிறுத்துவான். வெஸ்டர்ன் டிசைன் சென்டருக்கு அந்தச் சுமை இல்லை. 65சி02இன் கருவைப் பொம்மை, ரிமோட், மருத்துவக் கருவி என்று வேறு சில்லுகளுக்குள் பதித்துக்கொள்ள உரிமம் வாங்குகிறவர்கள் இருக்கும்வரை வருமானம் வரும். 2010 வாக்கில் வந்த சில டமகோச்சி பொம்மைகளின் சில்லுக்குள்கூட 6502 கரு இருந்தது. 40 கால் வைத்த தனிச் சில்லு இந்த வியாபாரத்தின் ஓரத்தில் நடக்கும் சில்லறை விற்பனை மாதிரி. அதைச் செய்துகொடுப்பதும் வேறொருவரின் ஆலை.

யாருடைய ஆலை என்பது சில்லின் பெயரிலேயே இருக்கிறது. விநியோகஸ்தர்களின் பட்டியலில் இது டபிள்யூ65சி02எஸ்6டிபிஜி-14 என்று இருக்கும். பார்த்தால் வண்டி நம்பர் மாதிரி இருந்தாலும் பிரித்துப் படிக்கலாம். 02எஸ் என்பது மாடல். 6டி என்றால் தைவானின் டிஎஸ்எம்சி ஆலையில் 0.6 மைக்ரான் முறையில் செய்தது. பி என்றால் ப்ரெட்போர்டில் செருகக்கூடிய 40 கால் பிளாஸ்டிக் உடம்பு. ஜி என்றால் ஈயம் கலக்காதது. 14 என்றால் 14 மெகாஹெர்ட்ஸ் வரை ஓடும். 1975இன் அசல் சில்லு 1 மெகாஹெர்ட்ஸ். விலை சமீப வருடங்களில் பத்து டாலரை ஒட்டித்தான் இருந்து வருகிறது. அனுப்புக் கூலி தனி. ஒரு சில்லுக்காக மட்டும் ஆர்டர் போட்டால் கூலி சில்லைவிட அதிகமாகிவிடும் என்பதால், கூட வேண்டிய 65சி22 மாதிரியான துணைச் சில்லுகளையும் சேர்த்து வாங்குவதே புத்திசாலித்தனம்.

இங்கேதான் போலிகளின் தொல்லை. ஏலத் தளங்களில் இதே பெயர் அச்சடித்து மூன்று நான்கு டாலருக்குச் சில்லுகள் விற்கின்றன. உள்ளே இருப்பது பெரும்பாலும் பழைய சில்லுதான். மேற்பரப்பைச் சுரண்டி, கறுப்புப் பூச்சு பூசி, புதிதாக எழுத்து போட்டிருப்பார்கள். அசிட்டோன் தொட்டுத் துடைத்தால் சில பூச்சுகள் பஞ்சோடு வந்துவிடும். இதைவிட நம்பகமான சோதனை ஒன்று உண்டு. 1975 காலத்து 6502 தன் பதிவகங்களில் உள்ளதை மறக்காமல் இருக்க வேண்டுமானால் கடிகாரத் துடிப்பு தொடர்ந்து வேகமாக வந்துகொண்டே இருக்க வேண்டும். புதுச் சில்லு அப்படி அல்ல. துடிப்பை நடுவில் நிறுத்தி, டீ குடித்துவிட்டு வந்து தொடர்ந்தாலும் விட்ட இடத்திலிருந்து ஓடும். ஆகவே நொடிக்கு ஒரு துடிப்பு கொடுத்துப் பார்த்தால் உள்ளே இருப்பது பழைய அசல் 6502 வகையா என்பது தெரிந்துவிடும். பழைய ராக்வெல் 65சி02 இந்தச் சோதனையில் தப்பித்துவிடலாம். அதைப் பிடிக்க வேறு வழி: வெஸ்டர்ன் டிசைன் சென்டரின் சில்லில் மட்டும் உள்ள ‘நில்’, ‘காத்திரு’ என்ற இரண்டு கட்டளைகளைக் கொடுத்துப் பார்ப்பது.

மெதுவாக ஓடும் இந்தக் குணம்தான் இந்தச் சில்லுக்கு மறுவாழ்வே கொடுத்தது என்று சொல்லலாம். 2019இல் பென் ஈட்டர் என்ற அமெரிக்கர் ப்ரெட்போர்டில் 6502 கணினி கட்டும் வீடியோ வரிசையை வெளியிட்டார். எட்டு ரெசிஸ்டர்களை வைத்து, ‘ஒன்றும் செய்யாதே’ என்ற ஒரே கட்டளையைச் சில்லுக்குத் திரும்பத் திரும்ப ஊட்டி, முகவரிக் கம்பிகளில் எண்கள் ஒவ்வொன்றாக ஏறுவதைக் காட்டுவதுதான் அதன் ஆரம்பம். ஒவ்வொரு துடிப்பையும் ஒரு பொத்தானை அழுத்திக் கொடுக்க முடிவதால்தான் நுண்செயலி யோசிப்பதைக் கண்ணால் பார்க்க முடிகிறது. இன்றைய கணினிச் சில்லில் இதை நினைத்துக்கூடப் பார்க்க முடியாது.

புதுச் சரக்கு என்றால் தொல்லையே இல்லை என்று நினைத்துவிட வேண்டாம். பழைய ஆப்பிள்-2 மாதிரியான போர்டில் 6502ஐக் கழற்றிவிட்டு இதை அப்படியே செருகக் கூடாது. பழைய சில்லின் முதல் கால் பூமி இணைப்பு. புதியதில் அதே கால் சமிக்ஞையை வெளியே அனுப்பும் கால். அது போர்டின் பூமியோடு நேராக ஷார்ட் ஆகும். 36ஆம் காலுக்கு 5 வோல்ட் கொடுக்காவிட்டால் முகவரி, தரவுக் கம்பிகளுக்கு உத்தரவாதம் இல்லை. பழைய போர்டில் அந்தக் கால் எதனோடும் இணைக்கப்பட்டிருக்காது. சீரியல் தொடர்புக்கான 65சி51என் என்ற துணைச் சில்லில் தெரிந்தே விடப்பட்ட பிழை ஒன்று உண்டு. ஓர் எழுத்தை அனுப்பி முடித்துவிட்டதா என்று கேட்டால், எப்போது கேட்டாலும் ‘முடித்துவிட்டேன்’ என்றே பதில் சொல்லும். கம்பெனியின் டேட்டாஷீட்டிலேயே இது எழுதியிருக்கிறது. கட்டுகிறவர்கள் ஒவ்வொரு எழுத்துக்கும் இடையில் நிரலில் கொஞ்சம் தாமதம் வைத்துச் சமாளிக்கிறார்கள். புதிதாக அச்சு செய்து திருத்தும் செலவுக்கு ஈடான விற்பனை அந்தச் சில்லுக்கு இல்லை போலிருக்கிறது.

இப்போது இசட்-80. இன்டெல்லில் 8080ஐச் செய்த ஃபெடரிக்கோ ஃபாஜின் வெளியே வந்து தொடங்கிய ஸைலாக் நிறுவனம் 1976இல் கொண்டுவந்தது. 8080க்கு எழுதிய நிரல்கள் இதிலும் ஓடும். சின்க்ளேர் ஸ்பெக்ட்ரம், எம்எஸ்எக்ஸ் கணினிகள் என்று 6502க்குச் சரிசமமான ராஜ்ஜியம் இதற்கு இருந்தது. கம்பெனி கை மாறி மாறி, 2010இல் இக்ஸிஸ் நிறுவனத்திடமும், 2018இல் அதையும் வாங்கிய லிட்டில்ஃப்யூஸ் நிறுவனத்திடமும் போய்ச் சேர்ந்தது. 2024 ஏப்ரலில் ஒரு சுற்றறிக்கை: சிலிக்கான் தகடு செய்துகொடுத்த ஆலை அந்த உற்பத்தியை நிறுத்துகிறது, தனி இசட்-80 சில்லுகளுக்குக் கடைசி ஆர்டர் ஜூன் 14. நாற்பத்தெட்டு வருட ஓட்டம் அதோடு முடிந்தது. ஃபியூஸ் விற்கும் ஒரு பெரிய குழுமத்தின் கணக்கில் இசட்-80 எத்தனையாவது வரியில் இருந்திருக்கும்! வேறு ஆலைக்கு மாற்றச் செலவு செய்ய அங்கே யாருக்கும் காரணம் இல்லை. மேசாவில் இருந்ததோ, 6502 வம்சத்தையே பிழைப்பாகக் கொண்ட ஒரு கம்பெனி. வித்தியாசம் அவ்வளவுதான்.

ஆனால் ஸைலாக்கைத் தட்டிய அதே கதவு இங்கேயும் இருக்கிறது. 2025 ஆகஸ்டில் டிஎஸ்எம்சி, 6 அங்குலத் தகடுகளில் செய்யும் உற்பத்தியை இரண்டு வருடங்களில் படிப்படியாக நிறுத்தப்போவதாக அறிவித்தது. 0.6 மைக்ரான் மாதிரியான முறைகள் அந்தச் சின்னத் தகடுகளின் காலத்தில் வளர்ந்தவை. 65சி02இன் வடிவம் கணினி மொழியில் எழுதப்பட்ட விவரிப்பாகவும் வெஸ்டர்ன் டிசைன் சென்டரிடம் இருக்கிறது. அதையும் அவர்கள் உரிமத்துக்கு விற்கிறார்கள். அதை வைத்து வேறு ஆலையில், வேறு முறையில் அச்சிட முடியும். புது மாஸ்க் செய்ய வேண்டும், 5 வோல்ட்டைத் தாங்கும் முறை வேண்டும், மறுபடி எல்லாவற்றையும் சோதிக்க வேண்டும். அந்த மொத்தச் செலவையும் வருடத்துக்கு ஒன்றிரண்டு சில்லு வாங்கும் பொழுதுபோக்குக்காரர்களின் தலையில் மட்டும் பிரித்துப் போட்டால் பத்து டாலர் எங்கே போய் நிற்கும் என்பது காஸ்ட் அக்கவுண்டிங் பேப்பரில் கேட்க வேண்டிய கேள்வி.